ஆறு குண்டுகளும் ஒரு ரப்பர் உறையும்

டோர்ட்முண்டில் நாங்கள் மூன்று நர்சுகள் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூவருக்கும் சேர்த்து ஒரே கார்: 2002ஆம் வருடத்து கோல்ஃப். காலை ஷிஃப்ட் 6 மணிக்குத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கு முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே எங்களுக்கு அந்தக் கார் ஆடம்பரம் அல்ல.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற வாகனப் பரிசோதனையில் (எல்லாரும் 'ட்யூஃப்' என்றே சொல்வார்கள்) இந்த முறை ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. இடது முன்சக்கரத்துக்கு எஞ்சின் வேகத்தைக் கொண்டுபோகும் அச்சின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்திருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தமும் வந்தது. சரிசெய்து மறுபரிசோதனைக்குக் கொண்டுவர ஒரு மாதம் தவணை. பட்டறையில் கேட்டோம், 480 யூரோ என்றார்கள். அந்த மாதம் எங்களில் ஒருத்திக்கு ஊரில் தம்பியின் கல்லூரிக் கட்டணம் இருந்தது.

சபையில் எல்லாருக்கும் தெரிந்த அங்கிள் ஒருவரிடம் சொன்னோம். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்த யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடம் பட்டறையில் வேலை செய்தவர். வாலிபர்களின் பழைய வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். ஆனால் போன வருடம் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றிவிட்டார்கள். இனிக் குனிந்து வண்டிக்கு அடியில் போக முடியாது.

"பிள்ளையள், நான் கதிரையில இருந்து சொல்லுறன். நீங்கள் செய்யுங்கோ" என்றார்.

சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பழுதுபார்க்க இந்த நாட்டில் தடை இல்லை. எங்கே செய்கிறோம் என்பதுதான் கேள்வி. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் முற்றத்தில் வண்டி வேலை கூடாது என்று எழுதியிருக்கிறது. எண்ணெய் மண்ணில் இறங்கினால் சும்மா விடமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தமும் ஆகாது. அதனால் சனிக்கிழமை, அங்கிள் வீட்டுக் கராஜில், சிமெண்டுத் தரையில்.

உதிரி வாங்கும்போது 'இந்த வருடத்து கோல்ஃப்' என்று மட்டும் சொன்னால் போதாது. இடதுக்கும் வலதுக்கும் நீளம் வேறு. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏற்ப அளவும் மாறும். வாகனப் பதிவுத் தாளில் 2.1, 2.2 என்ற கட்டங்களில் உள்ள எண்களைக் கொடுத்து வாங்கினோம். புதுப்பித்த அச்சு 95 யூரோ. அதோடு பாட்டிலுக்கு வாங்குவதுபோல 30 யூரோ ஃபாண்ட். பழைய அச்சைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

அந்த மூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், குழியில் ஏறி இறங்கவும் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் வேகம் குலுங்காமல் போக வேண்டும். ஆல்ஃபிரட் செப்பா என்ற பொறியாளர் 1920களில் இதற்கு வழி கண்டார்: ஒரு கிண்ணம், உள்ளே ஒரு குமிழ், இரண்டிலும் வளைந்த பள்ளங்கள், அவற்றில் ஓடும் ஆறு எஃகுக் குண்டுகள். எலும்பு வார்டில் வேலை செய்யும் எங்களுக்கு அதைப் பார்த்ததும் இடுப்பு மூட்டுதான் ஞாபகம் வந்தது. குண்டுகள் லேசில் தேயாது. சுற்றியிருக்கும் ரப்பர் உறைதான் முதலில் கிழியும். கிரீஸ் வெளியேறி, மணலும் குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பும் உள்ளே போனபிறகுதான் எஃகு தேய ஆரம்பிக்கிறது. கிழிந்த உடனே கண்டால் உறையை மட்டும் மாற்றினால் போதும். சத்தம் வந்தபின் மூட்டையோ அச்சையோ மாற்ற வேண்டியதுதான்.

வேலைக்கு வருவோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு நட்டை இளக்கிவிட வேண்டும். நீளக் குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்கினோம், 'டங்' என்று ஒரு சத்தத்தோடு விட்டது. பிறகு ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். "ஜாக்கியை நம்பி ஒருத்தரும் கீழ போகக்கூடாது" என்பதை அங்கிள் மூன்று முறை சொன்னார். ஸ்டாண்டு வைத்தபிறகும் வண்டியை அசைத்துப் பார்க்கச் சொன்னார்.

உள்பக்கத்தில் ஆறு போல்ட்டுகள். அவற்றின் தலைக்குள் நட்சத்திரக் குழி. அது முழுக்கப் பழைய கிரீஸும் அழுக்கும். அப்படியே சாவியை விட்டால் குழி மழுங்கிவிடும், அதன் பிறகு நாள் முழுக்கத் திண்டாட்டம். பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றையும் சுத்தம் செய்தோம். அதற்கே முக்கால் மணி நேரம். புண் துடைத்துப் பழகிய கைகளுக்கு இது பெரிய காரியமில்லை. ஆறும் மழுங்காமல் கழன்றன. "பட்டறையில எங்களுக்கு இந்தப் பொறுமை இருக்கேல்ல" என்று அங்கிள் சிரித்தார்.

கீழ்க்கையின் பால் ஜாயின்ட்டைக் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாமல் சக்கரப் பகுதியை வெளியே சாய்த்து, பழைய அச்சை உருவினோம். புதியதை அதன் பக்கத்தில் கிடத்தி நீளத்தையும் பற்களையும் ஒப்பிட்டபிறகே மாட்டினோம். நடு நட்டு மட்டும் புதியதாகவே இருக்க வேண்டும். பழையதை மறுபடி போடக்கூடாது. அச்சு மாட்டாமல் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டவும் கூடாது, சக்கர பேரிங் போய்விடும்.

இறுக்கும்போது எங்கள் வார்டு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். மருந்து எடுப்பதில் நான்கு கண்கள் வேண்டும் அல்லவா? ஒருத்தி கையேட்டில் உள்ள அளவை வாசித்தாள், ஒருத்தி டார்க் ரெஞ்சில் வைத்தாள், மூன்றாமவள் சரிபார்த்து பெயின்ட் புள்ளி வைத்தாள். கதிரையில் இருந்தபடி அங்கிள் அந்தப் புள்ளிகளை எண்ணினார். முடிந்ததும் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வந்து, சக்கரத்தை ஒருமுறை கையால் சுழற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

காலி வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, இடமும் வலமுமாக வட்டமடித்தோம். சத்தம் இல்லை. புதன்கிழமை மறுபரிசோதனையில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், ஃபாண்ட் 30 யூரோவும் திரும்ப வந்தது.

அடுத்த சனிக்கிழமை அதே கராஜில் வாலிபர் குழுத் தம்பி ஒருவரின் ஓப்பல் நிற்கப் போகிறது, அதே கோளாறு. பிரஷ்ஷும் கையுறையும் நாங்கள் கொண்டுவருவோம். ஜாக்கி ஸ்டாண்டு இரண்டுதான் இருக்கிறது. யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொண்டு காலை 9 மணிக்கு வாருங்கள்.