பாதி காற்று

சென்ற வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று நம்மைக் கடந்து சென்றது. "இதுவும் ஓர் அதிசயமா?" என்று நேயர்கள் கேட்கலாம். அதிசயந்தான். லாரியிலிருந்து ஒரு துரும்புகூடச் சாலையில் விழவில்லை! வைக்கோலை உருண்டை உருண்டையாகச் சுருட்டி, கயிறு சுற்றி, பீப்பாய்களைப் போல் அடுக்கியிருந்தார்கள்.

தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டில் புறப்பட்ட இராயபுரம் ஸ்டேஷன் வழியாக, நம் பால்யத்தில் வந்த வைக்கோல் வண்டிகளோ வேறு ஜாதி. வண்டியும் தெரியாது, மாடும் தெரியாது. வைக்கோற் போர் ஒன்று தானே நகர்ந்து வருவதுபோல் தோன்றும். வீட்டுப் பசுவுக்காகப் பாட்டியார் பேரம் பேசுவார்.

"ஏனப்பா, இதில் பாதி காற்றல்லவா? காற்றைத் தின்று பசு பால் கொடுக்குமா?"

"காற்றுக்கு நான் காசு கேட்கவில்லையே, அம்மா! அதைச் சுமந்து வந்த மாட்டுக்குத்தானே கேட்கிறேன்!"

அந்த வண்டிக்காரரின் பதிலில் ஒரு யந்திர சரித்திரமே அடங்கியிருக்கிறது. வைக்கோலுக்குக் கனம் குறைவு. அது அடைக்கும் இடமோ அதிகம். காற்றை வெளியேற்றிவிட்டால் அதே வண்டியில் இரண்டு மூன்று மடங்கு ஏற்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில், குதிரைகளைக் கொண்டு இயக்கிய பிரஸ்கள் உலர்ந்த புல்லை அழுத்தின. அழுத்தியதைக் கட்டுவது யார்? ஆட்கள் அருகிலிருந்து, புழுதியைக் குடித்துக்கொண்டு, கையால் கம்பி கட்டினார்கள். கதிர்க்கட்டுக்கு முடிச்சுப் போடும் இரும்பு விரலை ஜான் ஆப்பிள்பி என்பவர் 1870-களில் அமைத்தார். புல்லை உருளையாகச் சுருட்டும் யந்திரத்துக்கு உம்மோ லூபன் என்பவர் 1910-இல் காப்புரிமை பெற்றார். பென்சில்வேனியா விவசாயி எட்வின் நோல்ட், வயலில் ஓடிக்கொண்டே புல்லை வாரி, அழுத்தி, முடிச்சும் போடும் யந்திரத்தை 1930-களில் உருவாக்கினார். நியூ ஹாலந்து கம்பெனி அதை ஏற்று 1940-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் காவிரிப் படுகையிலும் அறுவடை யந்திரம் வந்தபின், வைக்கோல் வயலில் சிதறிக் கிடக்கிறது. டிராக்டரின் பின்னால் வரும் யந்திரம் அதைச் சுருட்டிக் கட்டிவிடுகிறது. பிரி திரித்துக் கட்டிய கைகள் வேறு வேலை தேடிப் போய்விட்டன.

பாரம் சுமக்கும் லாரியை நாமே செய்யக் கற்றுக்கொண்டோம். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்டு ஆன கம்பெனி இதே எண்ணூரில்தான் வேரூன்றியது. ஆனால் நம் மனம் இன்னொரு வண்டியையே நாடுகிறது. அதுதான் காசிமேட்டு மீன்பாடி வண்டி. மூன்று சக்கர வண்டியில் பழைய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, மீன் கூடையிலிருந்து இரும்புக் கம்பி வரை இழுக்கச் செய்தவர் சாலையோரப் பட்டறைக்காரர். பத்திரம் போதாது என்று சட்டம் அதை ஒப்பவில்லை, அது நியாயந்தான். ஆயினும் நோல்ட்டும் பட்டறையில் கை அழுக்கானவர்தாமே! அவருடைய யோசனையை ஏற்றுச் செப்பனிட ஒருவர் முன்வந்தார். அவர் பெயர் சரித்திரத்தில் நின்றது. நம் பட்டறைக்காரரின் பெயரை யார் கேட்டார்கள்?

"அண்ணே, உங்கள் யோசனையைக் காட்டுங்கள்" என்று படித்தவர்கள் அவரிடம் போய்க் கேட்கும் நாளே நம் தொழில் வளரும் நாள். அதுவரையில், நாம் பேசும் சுதேசிப் பெருமையிலும் பாதி காற்று என்று பாட்டியார் சொல்லிவிடுவார்!