யாரு ஜெயிப்பா? யாரு ஜெயிக்கணும்?

கிரிக்கெட் மேட்சுக்குப் பந்தயம் கட்டறவங்களைப் பார்த்திருப்பீங்க. எலெக்‌ஷன் ரிசல்ட்டுக்கு மொட்டை போடறேன்னு சபதம் பண்றவங்களைப் பார்த்திருப்பீங்க. ஆனா, பார்க்காத... பார்க்கறதுக்கு வாய்ப்பே இல்லாத நாடகங்கள்ல எதுக்கு அவார்டு கிடைக்கும்னு லாங் சைஸ் நோட்டுல எழுதி வெச்சு, மசால் தோசை பந்தயம் கட்டற கும்பலைப் பார்த்திருக்கீங்களா? நாங்கதான் பாஸ் அது!

விஷயம் இதுதான். நியூயார்க் மன்ஹாட்டன்ல மொத்தம் 41 தியேட்டர்களுக்கு ‘பிராட்வே’ங்கிற அந்தஸ்து உண்டு. குறைஞ்சது 500 சீட்டாவது இருக்கணும்ங்கிறது கணக்கு. ஏப்ரல் கடைசியில அங்கே சீசன் முடியும். மே மாசம் ஆரம்பத்துல நாமினேஷன். ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி டோனி அவார்டு விழா. 1947-லேர்ந்து நடக்குது. அவங்களுக்கு ராத்திரி எட்டு மணின்னா, நமக்குத் திங்கக்கிழமை காலைல அஞ்சரை. ஹாஸ்டல்ல பாத்ரூம் க்யூ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்கு ரிசல்ட் வர ஆரம்பிச்சிடும்.

‘உங்களுக்கு ஏன்டா இந்த வேலை?’னு கேக்கறீங்களா? காரணம், எங்க ஊரு புலி!

நான் படிக்கிறது புதுச்சேரியில. யான் மார்ட்டெல் எழுதின ‘லைஃப் ஆஃப் பை’ நாவல் இங்கேதான் ஆரம்பிக்குது. 2012-ல ஆங் லீ அதைப் படமா எடுத்தது எல்லாருக்கும் தெரியும். அது நாடகமாவும் வந்தது. லொலிதா சக்ரபர்த்தி நாடகமா எழுதினாங்க. கடல், படகு, புலி எல்லாம் மேடையிலயே! புலி ஒரு பொம்மை. சில நடிகர்கள் உள்ளேயும் பக்கத்துலயும் இருந்து அதுக்கு உயிர் கொடுப்பாங்க. லண்டன்ல 2022-ல ஆலிவியர் அவார்டு தந்தப்போ, சிறந்த புது நாடகம் உட்பட அஞ்சு அவார்டு அள்ளுச்சு. இலங்கையில பிறந்த ஹிரான் அபேசேகர சிறந்த நடிகர். சிறந்த துணை நடிகர் யாரு தெரியுமா? அந்தப் புலியா நடிச்ச ஏழு பேரும்! ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே அவார்டு.

அதே நாடகம் 2023 மார்ச்ல பிராட்வேக்குப் போச்சு. லண்டன்லயே அஞ்சுன்னா நியூயார்க்ல கேக்கணுமா? நாமினேஷன் லிஸ்ட் வந்துது. சிறந்த நாடகம் பிரிவுல பேரே இல்லை. ஹிரானுக்கு இல்லை. புலிக்கும் இல்லை! கடைசியில மேடை அமைப்பு, ஒளி, ஒலின்னு மூணு அவார்டு கிடைச்சுது. ஜூலையிலயே நாடகத்தை முடிச்சிட்டாங்க.

ஒரே நாடகம், ஒரே புலி. ஒரு ஊர்ல ராஜா, இன்னொரு ஊர்ல டெக்னீஷியன். எப்படி? இந்தக் கேள்விதான் எங்க நோட்டுக்குப் பிள்ளையார் சுழி.

முதல்ல, ஓட்டுப் போடறது யாருன்னு தேடினோம். 800 பேருக்கு மேல இருக்காங்க. நடிகர்கள், டைரக்டர்கள், தயாரிப்பாளர்கள், தியேட்டர் ஓனர்கள், கொஞ்சம் விமர்சகர்கள். நாமினேஷன் போடறது தனியா ஒரு சின்னக் கமிட்டி. இதுல முக்கியமான ஒரு கோஷ்டி உண்டு. பிராட்வேல ஹிட் ஆன இசை நாடகங்களை மத்த அமெரிக்க ஊர்களுக்கு வரவழைச்சு நடத்தற தியேட்டர்காரங்க. நம்ம ஊர் படத்துக்கு விநியோகஸ்தர்கள் மாதிரி வெச்சுக்குங்களேன். ‘இந்த நாடகம் நம்ம ஊருக்கு வந்தா டிக்கெட் விக்குமா?’ன்னு அவங்க மனசு கணக்குப் போடும்னு சொல்றது உண்டு. ஆக, ‘எது நல்ல நாடகம்?’ வேற கேள்வி, ‘எதுக்கு ஓட்டு விழும்?’ வேற கேள்வி.

அதான் எங்க நோட்டுல ரெண்டு பக்கம். இடது பக்கம், ‘யாரு ஜெயிக்கணும்?’. வலது பக்கம், ‘யாரு ஜெயிப்பாங்க?’. மசால் தோசை வலது பக்கத்துக்கு மட்டும்தான். இடது பக்கத்துக்கு மார்க் கிடையாது.

நாடகத்தைப் பார்க்காம இடது பக்கத்தை எப்படி நிரப்பறதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. சினிமான்னா ரிலீஸ் ஆகும், ஓ.டி.டி-ல வரும். நாடகம் அப்படி இல்லை, அந்த ராத்திரியோட போச்சு. எங்களுக்குக் கிடைக்கறது பாட்டு ஆல்பம், விமர்சனங்கள், துண்டு துண்டா சில வீடியோ, சிலசமயம் புத்தகமா அச்சான வசனம். அதை வெச்சுத்தான் ஒரு அபிப்ராயம். குருடன் யானையைத் தடவின கதைதான். ஆனா, தடவினது நம்ம கைதானே!

வலது பக்கத்துக்குத்தான் ஹிஸ்டரி படிச்சோம். செமஸ்டருக்குக்கூட இப்படிப் படிச்சதில்லை!

2004-ஐ எடுத்துக்குங்க. நம்ம ஏ.ஆர்.ரஹ்மானோட ‘பாம்பே ட்ரீம்ஸ்’ பிராட்வேக்குப் போன வருஷம். நடனம், உடை, இசைக் கோர்ப்புன்னு மூணு நாமினேஷனோட நின்னுடுச்சு. பெரிய சண்டை வேற ரெண்டு பேருக்கு நடுவுல. ஒரு பக்கம் ‘விக்கட்’. பத்து நாமினேஷன், பிரமாண்டம், கூட்டம் கூட்டமா ஜனம். இன்னொரு பக்கம் ‘அவென்யூ க்யூ’. கையில பொம்மையை மாட்டிக்கிட்டு, காலேஜ் முடிச்சும் வேலை கிடைக்காம அல்லாடற பசங்களைப் பத்தின சின்ன நாடகம். எல்லாரும் ‘விக்கட்’னு அடிச்சுச் சொன்னப்போ, ‘அவென்யூ க்யூ’ ஆளுங்க எலெக்‌ஷன் பிரசாரம் மாதிரியே இறங்கினாங்க. ‘மனசு சொல்றதுக்கு ஓட்டுப் போடுங்க’ங்கிறதுதான் கோஷம். ஜெயிச்சுட்டாங்க!

கதை அதோட முடியல. ஜெயிச்ச கையோட, ஊர் ஊரா டூர் போகாம லாஸ் வேகாஸ்ல தனியா ஒரு தியேட்டருக்கு நாடகத்தைக் கொண்டுபோறோம்னு அறிவிச்சாங்க. ஓட்டுப் போட்ட வெளியூர் தியேட்டர்காரங்களுக்குச் செம கடுப்பு. 2005-ல ஆரம்பிச்ச அந்த வேகாஸ் ஆட்டம் 2006-லயே முடிஞ்சும் போச்சு. தோத்த ‘விக்கட்’ என்ன ஆச்சு? 2003-ல ஆரம்பிச்சது, இன்னமும் பிராட்வேல ஓடிக்கிட்டிருக்கு. 2024, 2025-னு ரெண்டு பாகமா சினிமாவாவும் வந்தாச்சு.

அடுத்த பாடம்: நாமினேஷன் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2018-ல ‘மீன் கேர்ள்ஸ்’, ‘ஸ்பான்ஜ்பாப்’ ரெண்டுக்கும் ஆளுக்கு 12 நாமினேஷன். கிடைச்சது? முதலாவதுக்கு சைபர், ரெண்டாவதுக்கு ஒண்ணே ஒண்ணு. 11 நாமினேஷன் வாங்கின ‘தி பேண்ட்ஸ் விசிட்’ பத்தைத் தட்டிட்டுப் போச்சு. எகிப்துலேர்ந்து வந்த போலீஸ் பேண்ட் குழு ஒண்ணு, வழி மாறி இஸ்ரேல்ல ஒரு பொட்டல் ஊர்ல ஒரு ராத்திரி தங்கும். அவ்வளவுதான் கதை. சத்தம் போடாத நாடகம், சத்தமில்லாம ஜெயிச்சுது.

இன்னொரு பாடம்: ஓடிக்கிட்டிருக்கணும். ‘தி ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்’ 2010 டிசம்பர்லயே முடிஞ்சுபோன நாடகம். 2011 டோனில 12 நாமினேஷன். கிடைச்சது ஒண்ணுமில்லை. மூடின கடைக்கு யாரு மாலை போடுவா?

இப்படி வலது பக்கம் தேறத் தேற, எங்க ரூம்ல ஒரு விஷயம் நடந்தது. 2025 சீசன். ரூம்மேட் ஒருத்தன் இருக்கான். வலது பக்கத்துல புலி. புள்ளிவிவரம் எல்லாம் விரல் நுனியில. அந்த வருஷம் அவன் நோட்டைப் பார்த்தா, இடது பக்கத்துலயும் வலது பக்கத்துலயும் அதே பேருங்க. ஒண்ணுகூட மாறல. ‘என்னடா, காப்பி அடிச்சியா?’னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னான்: “இல்லடா. இடது பக்கத்துல என்ன எழுதறதுன்னே தெரியல. பாட்டைக் கேக்கறப்பவே ‘இதுக்கு ஓட்டு விழுமா?’ன்னுதான் தோணுது. எனக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டா பதிலே வரல.”

சிரிச்சுட்டுத்தான் கேட்டேன். ஆனா, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா இது நாடகத்தோட நிக்கற வியாதி இல்லையே! ப்ளஸ் டூ முடிச்சப்போ எந்த க்ரூப்னு நாம எப்படி முடிவு பண்ணோம்? ‘எது மார்க்கெட்ல போகுது?’னு விசாரிச்சோம். எலெக்டிவ் எடுக்கறப்போ? ‘எந்த சார் மார்க் போடுவார்?’னு விசாரிச்சோம். கல்ச்சுரல்ஸ்ல ஸ்கிட் போடறப்போகூட ‘ஜட்ஜுக்கு என்ன பிடிக்கும்?’தான் முதல் கேள்வி. வலது பக்கத்துலயே வாழ்ந்து பழகிட்டோம் பாஸ். இடது பக்கம் தூசி படிஞ்சு கிடக்கு.

எங்க கும்பல்ல ஒரு ஜூனியர் பொண்ணு உண்டு. இடது பக்கத்துல ‘டெட் அவுட்லா’ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தா. 1911-ல சுட்டுக் கொல்லப்பட்ட எல்மர் மெக்கர்டிங்கிற திருடனோட பிணம், பல வருஷம் காட்சிப் பொருளா ஊர் ஊரா சுத்தி, 1976-ல ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுல கண்டுபிடிக்கப்பட்ட உண்மைக் கதை. ஹீரோ பாதி நாடகத்துல அசையாம பிணமாவே நிப்பார்! எழுதினவங்க, இசையமைச்சவர், டைரக்டர்னு பார்த்தா, ‘தி பேண்ட்ஸ் விசிட்’ல இருந்த டேவிட் யாஸ்பெக், இட்டமார் மோசஸ், டேவிட் க்ரோமர் அத்தனை பேரும் இதுலயும் இருக்காங்க. பிராட்வேக்கு வர்றதுக்கு முன்னாடி, 2024-ல சின்ன தியேட்டர்ல ஓடினப்பவே ட்ராமா டெஸ்க் அவார்டுல சிறந்த இசை நாடகம்னு பேர் வாங்கினது. ஆனா, வலது பக்கத்துல அவளும் ‘மேபி ஹேப்பி எண்டிங்’னுதான் எழுதியிருந்தா. ‘உனக்கே நம்பிக்கை இல்லையா?’ன்னு ஓட்டினோம். “நம்பிக்கை வேற, பிடிச்சது வேறண்ணா. ரெண்டும் வேறவேறன்னுதானே ரெண்டு பக்கம்?”னு கேட்டா. வாயை மூடிக்கிட்டோம்.

2025 ஜூன் 8 விழா. ‘மேபி ஹேப்பி எண்டிங்’ ஆறு அவார்டு வாங்குச்சு. அதுவே ஒரு அழகான கதைதான். சியோல்ல, பழசாகிப் போன ரெண்டு ரோபோக்களோட காதல். 2016-ல கொரியாவுல மேடையேறினது. பிராட்வேல ஆரம்பத்துல டிக்கெட் விக்காம தவிச்சு, பார்த்தவங்க சொல்லிச் சொல்லிக் கூட்டம் சேர்ந்தது. சிறந்த நடிகை போட்டியில ஒரு பக்கம், ஏற்கெனவே ஆறு டோனி வாங்கின ஆட்ரா மெக்டொனால்ட். இன்னொரு பக்கம், முதல் தடவையா நாமினேட் ஆன நிகோல் ஷெர்ஸிங்கர். கணிக்கிறவங்களே ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க. நிகோல் ஜெயிச்சாங்க.

‘டெட் அவுட்லா’? ஏழு நாமினேஷன், சைபர் அவார்டு. ஜூன் 29-ம் தேதியோட நாடகமே முடிஞ்சுது.

இதான் நாங்க மசால் தோசைக்காக விளையாடற விளையாட்டோட மறுபக்கம். ஜெயிச்சா டிக்கெட் விக்கும். தோத்தா சிலசமயம் மூணே வாரத்துல செட்டைப் பிரிச்சிடுவாங்க. நடிகர், லைட் போடறவர், உடை தைக்கறவர் எல்லாரும் அடுத்த வேலை தேடணும். நமக்கு நோட்டுல ஒரு டிக் மார்க். அங்கே யாரோ ஒருத்தரோட மாச வாடகை.

ஆனா, ஹிஸ்டரி இன்னொண்ணும் சொல்லுது. 1958-ல ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ டோனில தோத்த படம், ஸாரி, நாடகம்! ‘தி மியூஸிக் மேன்’தான் ஜெயிச்சுது. 1960-ல ‘ஜிப்ஸி’க்கு எட்டு நாமினேஷன், ஒண்ணும் கிடைக்கல. 1976-ல ‘சிகாகோ’வுக்கு 11 நாமினேஷன், சுத்தமா சைபர். ஒன்பது அவார்டை ‘எ கோரஸ் லைன்’ வாரிக்கிட்டுப் போச்சு. அதே ‘சிகாகோ’வை 1996-ல மறுபடி மேடை ஏத்தினாங்க. இன்னும் இறக்கல! இருபது வருஷம் கழிச்சு அதைத் தூசி தட்டி எடுக்கணும்னு யாருக்கோ தோணிச்சே... அவங்க நோட்டுல இடது பக்கம் காலியா இல்லைங்கிறதாலதானே?

800 பேர் ஒரு வருஷம் என்ன நினைச்சாங்கங்கிறதைத்தான் அவார்டு சொல்லும். அதைக் கணிக்கிறது ஜாலியான விளையாட்டு, புத்திக்கு நல்ல பயிற்சியும்கூட. தாராளமா விளையாடுங்க. பிராட்வே வேணாம்னா உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸையே எடுத்துக்குங்க.

இப்ப எங்க ரூம்ல ஒரு புது ரூல். இடது பக்கத்தை எழுதி முடிச்ச பிறகுதான் வலது பக்கத்தைத் தொடணும். ரூம்மேட் மூணு நாள் எடுத்துக்கறான். பரவாயில்லை, காத்திருக்கோம்.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்க. வலது பக்கத்தைப் பென்சில்ல எழுதுங்க, அது தினம் மாறும். இடது பக்கத்தைப் பேனாவுல எழுதுங்க!