புது டயர் முன்னுக்கு

டிசம்பரில் விடியுமுன் கிளம்பி, பெங்களூரிலிருந்து சுமார் 60 கி.மீ. மிதித்து, 1,478 மீட்டர் உயர நந்தி மலையில் ஏறுவதில் ஆபத்து அதிகமில்லை. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்குவதுதான் சோதனை. பனிமூட்டத்தில் நனைந்த தார், கொண்டை ஊசி வளைவுகள், பிரேக்கில் விறைத்த விரல்கள்.

பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரமிருக்காது. காறை எலும்பு போய்விடும். ஆனாலும் சீக்கிரம் தேய்வது பின் டயர்தான் என்று புதியதை அங்கே மாட்டி, ரப்பர் இறுகிப்போன பழையதை முன்னால் ஓட்டும் சிக்கனம் பலரை விடவில்லை. செய்யவேண்டியது நேரெதிர்: புதியது முன்னுக்கு, முன்னால் இருந்தது பின்னுக்கு.

கடையில் எல்லோரும் தடவிப் பார்ப்பது டயரின் பட்டனைத்தான். லாரிக்கு அது சரி. தார்ச்சாலையில் ஓடும் ஒல்லி சைக்கிள் டயருக்குப் பட்டனால் பெரிய பயனில்லை; பிடிப்பு ரப்பரின் மென்மையில் இருக்கிறது. ஃபோர்க்கில் இடமிருந்தால் 23 மி.மீ.க்குப் பதில் 28. காற்றும் கொஞ்சம் குறைவாக. மென்மையான ரப்பர் விரைவில் தேயும், விலையும் கூடுதல்தான். ஆனால் முன்சக்கரம் சுமக்கும் பாரம் குறைவு என்பதால் பின்னால் உழைப்பதைவிட அங்கே அதிக நாள் உழைக்கும்.