அலெக்சாண்டரின் துக்கம்

கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதிய அலெக்சாண்டர் சரித்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நித்திரையும் சம்போகமுமே தன்னையும் சாகப் பிறந்தவன் என்று உணர்த்துவதாகச் சொல்லிக்கொண்ட அந்தச் சக்கரவர்த்தி, கி.மு. 324இல் எக்பத்தானா நகரில் தன் பிராணசிநேகிதன் ஹெபஸ்தியோன் காய்ச்சலில் மாண்டபோது, குதிரைகளின் பிடரிமயிரைக் கத்தரிக்கச் செய்து, அண்டை ஊர்களின் கொத்தளங்களை இடித்து, பாவம், வைத்தியனையும் சிலுவையில் அறைந்தானாம்.

ஈமக்கிரியைக்கும் சமாதிக்கும் 10,000 தாலந்து உத்தேசம்!

(மாத வாடகைக்கே கையைப் பிசையும் நான் இந்தக் கணக்கில் தலையிடுவானேன்!)

அதே ஆண்டில், அந்த மரணத்துக்கு முன்பு, சூசாவில் அலெக்சாண்டர், பாரசீக மன்னன் தாரியஸின் ஒரு புத்திரியைத் தான் மணந்து, மற்றவளை ஹெபஸ்தியோனுக்கு மணமுடித்தது, இருவர் பிள்ளைகளும் உறவாக வேண்டுமென்ற ஆசையினால் என்கிறார் வரலாற்றாசிரியர் அரியன்.

இதில் ராஜதந்திரம் எவ்வளவு, பிரேமை எவ்வளவு?

உங்களுக்கு என்ன தோணுது?