சல்லடையில் தொடங்கும் வீடு

ஆரோவில்லை ஒட்டிய ஒரு கிராமத்தில், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்காக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவருக்கான செங்கல் எந்தச் சூளையிலிருந்தும் வரவில்லை. மனையின் மூலையிலேயே பள்ளம் வெட்டி மண் எடுத்தார்கள். புல்வேர் கலந்த மேல்மண்ணைத் தோட்டத்துக்கென்று தனியாகக் குவித்துவிட்டு, அதற்கும் கீழே உள்ள செம்மண்ணைத்தான் கட்டடத்துக்கு எடுத்தார்கள். வேலை முடிந்ததும் பள்ளம் மூடப்படாது, மழைநீர்த் தொட்டியாகிவிடும்.

சாய்த்து நிறுத்திய பெரிய சல்லடையில் இரண்டு பெண்கள் மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தார்கள். சல்லடை வேலையை யாரும் கைவேலையாக மதிப்பதில்லை. ஆனால் இந்த வீட்டின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. நல்ல கல்லுக்கு மண்ணில் சுமாராக 15 சதவீதம் சரளை, 50 சதவீதம் மணல், 15 சதவீதம் வண்டல், 20 சதவீதம் களி இருக்க வேண்டும். களி மிஞ்சினால் காய்கையில் வெடிக்கும், குறைந்தால் உதிரும். பாட்டிலில் மண்ணும் நீரும் குலுக்கிவைத்து, படியும் அடுக்குகளை அளந்து முன்பே சோதித்திருந்தார்கள். சல்லடைக்காரப் பெண்ணுக்கு அந்தப் பாட்டில் தேவைப்படவில்லை. ஒரு பிடி மண்ணை விரல்களுக்கிடையே தேய்த்துவிட்டு, “இந்தப் பக்கம் களி சாஸ்தி, கொஞ்சம் மணல் சேத்துக்கணும் சார்” என்றார்.

மண்ணோடு 5 சதவீதம் சிமெண்டை முதலில் உலர்வாகப் புரட்டி, பிறகு நீர் தெளிக்கிறார்கள். பதம் பார்க்க ஒரு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுகிறார்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. உடையாமல் கிடந்தால் ஈரம் அதிகம், பொலபொலவென்று சிதறினால் போதாது. பிறகு ‘ஆரம் 3000’ என்ற கைப்பொறி. 1989-இல் தொடங்கப்பட்ட ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில், சத்பிரேம் மைனியின் வழிகாட்டலில் உருவானது. பெட்டியில் மண்ணைக் கொட்டி, நாலு மூலையையும் விரலால் அழுத்திவிட்டு மூடுகிறார் ஒருவர். மூலையை அழுத்தாவிட்டால் கல்லின் முனை மொக்கையாகிவிடும். இருவர் நெம்புகோலை இழுக்க, 24 செ.மீ. சதுரமும் 9 செ.மீ. உயரமுமாக, கிட்டத்தட்ட 10 கிலோ எடையில் கல் மேலே எழுகிறது. சிமெண்ட் இறுகத் தொடங்கும் முன்பே கலவை தீர வேண்டும் என்பதால் பேச்சு நின்று கை மட்டும் ஓடுகிறது. கற்களை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி, பிறகு நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். தீ மூட்டாமல் கிடைக்கும் கல்லுக்கு நெருப்பின் வேலையைப் பொறுமைதான் செய்கிறது.

“மண் வீடு கட்டினால் தானே குளிரும்” என்று பலர் நம்புகிறார்கள். மேஸ்திரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. “சொவுரு மட்டும் குளுமை குடுக்காது சார். காத்து வரணும், வெயில் படக்கூடாது.” கட்டட இயலும் அதையே சொல்கிறது. பகலில் கொதித்து இரவில் குளிரும் பாலைநிலத்தில் தடித்த சுவரே பாதி வேலையைச் செய்துவிடும். சோழமண்டலக் கரையில் இரவும் புழுங்குகிறது. பகல் முழுக்க வெயில் குடித்த சுவர் இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். ஆகவே இங்கே நிழலும் காற்றும்தான் முதலில். இந்த வீட்டில் கடற்காற்று வரும் தென்கிழக்கில் பெரிய ஜன்னல்கள், எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழி. மேற்கே படுக்கையறை இல்லை; குளியலறை, சாமான் அறை, மாடிப்படி ஆகியவை மாலை வெயிலைத் தாங்குகின்றன. அதற்கும் வெளியே புங்கமரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பூச்சில்லாத சுவருக்கு மழைதான் எதிரி என்பதால் அடித்தளம் கருங்கல்லில் உயர்ந்திருக்கிறது, கூரை ஓரம் நன்றாக வெளியே நீள்கிறது. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர் இது. அந்த நீட்டலைக் குறைக்கச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் கேட்கமாட்டார்.

கூடத்துக்கு வளைகூரை. சாரப்பலகை இல்லாமல், மெல்லிய மண்சாந்தில் கல்லைத் தோய்த்து ஒட்டிக்கொண்டே போகிறார்கள். ஈரச்சாந்து பிடித்துக்கொள்ள, கல் அந்தரத்தில் நிற்கிறது. எகிப்தின் நூபியப் பகுதியின் பழைய முறை இது. கட்டடக் கலைஞர் ஹசன் ஃபதி 1940-களில் அதற்குப் புதுவாழ்வு தந்தார். நைல் கரையிலிருந்து வந்த அந்த வித்தையை விழுப்புரம் மாவட்டக் கொத்தனார்கள் இப்போது நூல் பிடித்துச் செய்கிறார்கள். சூடான காற்று வளைவின் உச்சிக்கு ஏறி, முகப்புச் சுவரின் துளை வழியாக வெளியேறும்.

இத்தகைய வீட்டில் மண் மலிவு, கூலிதான் செலவு. சிமெண்டுக்கும் கம்பிக்கும் போக வேண்டிய பணத்தில் ஒரு பங்கு ஊர்க்காரர் கைக்குப் போகிறது. எனக்கு அது பிடித்த கணக்கு. ஆனால் சல்லடைக்காரப் பெண்ணிடம் அவர் வீட்டைப் பற்றிக் கேட்டபோது அந்தக் கணக்கு இடித்தது. “எங்கம்மா வீடு மண்ணுதான். வருசா வருசம் மொழுகணும், ஐப்பசி மழைக்கு ஒரு பக்கம் சரியும். அதுலேருந்து வெளிய வரத்தான் நான் வேலைக்கே வந்தேன். எனக்குக் காங்கிரீட்தான் வேணும் சார்.” இந்தக் கல் அந்த மண்சுவர் அல்ல என்பது என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். “இது நல்ல கல்லுதான். ஆனா மெஷின் யாரு குடுப்பா?”

அந்தக் கேள்வியில் கட்டடக்கலையைவிட நிர்வாகம்தான் அதிகம் இருக்கிறது. நிலைப்படுத்திய மண் கற்களுக்கென்று ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரநிலை உண்டு, 2013-இல் திருத்தப்பட்டது. தமிழக அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் அப்படி வீடு கட்டும்போது, ஊராட்சி ஒரு கைப்பொறியை வாங்கி முறைவைத்துக் கொடுத்தால், சுவரையாவது சூளையிலிருந்து மீட்கலாம். மண்ணின் பதம் தெரிந்தவர்களை வெளியூரில் தேடவும் வேண்டாம். அடுத்தவர் வீட்டுக்குக் கல் அடித்துக் கொடுக்கும் அவர்கள், அதே கல்லில் தங்கள் வீட்டையும் கட்டிக்கொள்ளும் நாளில்தான் இதைப் பசுமை வீடு என்று நான் கூசாமல் சொல்வேன்.