தறியும் அஞ்சல் தலையும்

1999ஆம் ஆண்டு. தமிழ் வகுப்பில் ஒரு மாணவன் மேசையடியில் எதையோ புரட்டிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன், அஞ்சல் தலைகள் ஒட்டிய நோட்டு. "படிக்கிற நேரத்தில் விளையாட்டா?" என்று கடிந்து, அதனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி ஒருவரின் மகன். ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல் அமர்ந்துகொண்டான்.

மாலையில் தனித்திருந்தபோது அந்நோட்டைத் திறந்தேன். விஞ்ஞானம் தொடர்பான தலைகளை மட்டுமே தேர்ந்து, ஆண்டு வரிசைப்படி ஒட்டியிருந்தான். 1958இல் வெளிவந்த ஜகதீச சந்திர போஸ். 1962இல் பதினைந்து நயா பைசாவுக்கு வெளிவந்த நம் இராமானுஜன். 1971இல் சர் சி. வி. இராமன், 1975 ஏப்ரல் 19ஆம் நாள் விண்ணேறிய நம் முதற் செயற்கைக்கோளாம் 'ஆரியபட்டா'வுக்கு அவ்வாண்டிலேயே வந்த தலை. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் ஒரு வரி விளக்கம்.

அடுத்த பக்கத்தில் என் கண் நின்றுவிட்டது. தலைப்பாகை அணிந்த ஒரு முதியவரின் முகம். எழுத்துகள் ருஷ்ய மொழி. 1983இல் சோவியத் நாடு வெளியிட்டது. அதன் கீழே மாணவன் எழுதியிருந்தான்: 'அல்குவாரிஸ்மி. அல்ஜீப்ரா என்ற சொல் இவர் நூலின் பெயரிலிருந்து வந்தது.'

அன்பர்களே, அரபி மதரஸாவில் ஆண்டுகள் பல ஓதியவன் நான். 'ஜப்ர்' என்றால் முறிந்த எலும்பை இணைத்தல் என்று அகராதி கண்டு சொல்வேன். வாரிசுரிமைப் பங்கீட்டுக் கலையாகிய ஃபராயிளையும் கற்றவன். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் ஆட்சியில், பக்தாதிலிருந்து அல்குவாரிஸ்மி எழுதிய அந்நூலின் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளே என்பதை நான் அறிந்திருக்கவில்லை. என் கல்வியின் ஒரு பாதியை ஒரு நெசவாளியின் மகன் நோட்டில் ஒட்டி வைத்திருந்தான். நானோ அதனைப் பூட்டி வைத்தேன்.

மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். 'தவறு என்னுடையது' என்று சொல்ல நா எழவில்லை. ஆசிரியன் என்ற அகந்தை தடுத்தது. அதற்கு ஈடுசெய்வதுபோல ஒருநாள் அவன் இல்லம் சென்றேன். தந்தையார் தறியில் இருந்தார். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலே துளையிட்ட அட்டைகள் சரமாகத் தொங்கின. "துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், ஐயா. அந்த இழை மேலே எழும். துளை இல்லையென்றால் இழை அப்படியே கிடக்கும். அன்னமும் மயிலும் அப்படித்தான் வருகின்றன" என்றார்.

அவ்வட்டைமுறையைச் செம்மைப்படுத்திய ஜக்கார்டு, பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளியின் மகன். அவர் மறைந்து நூறாண்டு நிறைந்த 1934இல் பிரான்ஸ் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவருடைய அட்டையைக் கண்டே ஆங்கிலேயர் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கும் துளையட்டையைக் கருதினார். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகையும் துளையட்டைகளாலேயே எண்ணப்பட்டது. இன்று கணினிக்கு இடும் கட்டளை வரிசைக்கு 'அல்காரிதம்' என்று பெயர்; அது அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்தது. அவரோ நம் இந்திய எண்முறையை விளக்கித் தனிநூல் எழுதியவர். ஆக, இந்நாட்டு எண் பக்தாத் சென்றது. அங்கிருந்து ஐரோப்பா சென்றது. லியோன் நகரத்து அட்டை காஞ்சித் தறிமேல் வந்து அமர்ந்தது. அறிவுக்கு ஊரும் இல்லை, உறவுமுறையும் இல்லை. கை மாறுந்தோறும் அது வளர்கிறது. இதனை எனக்குக் கற்பித்தவை விரலகலக் காகிதத் துண்டுகள்.

2015 அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களின் அஞ்சல் தலை வெளியாயிற்று. ஒன்றை வாங்கி உறைமேல் ஒட்டி, அம்மாணவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அப்போது கணினியில் சேலைக்கரை வடிவங்கள் வரையும் தொழிலில் இருந்தார். பதினாறு ஆண்டுகளாகச் சொல்லாத மன்னிப்பை அதில் எழுதியிருந்தேன்.

ஒரு வாரத்தில் மறுமொழி வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'ஐயா, தலைமேல் முத்திரை முகத்தை மறைக்காமல் ஓரமாக விழுந்திருக்கிறது. கிழியாமல் எடுத்து, அந்த நோட்டிலேயே ஒட்டிவிட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தார்.