கட்டணமும் கட்டும்

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேறு ஊர் என்றால் விஷயம் தெரிந்த இன்ஜினீயரைத் தேடிப் போக வேண்டும். இங்கே பக்கத்து வீட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

இது தற்செயலாக வந்த வசதி அல்ல. 2001 ஜூலை 20-ம் தேதி ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த ஊருக்கு வந்து இந்திய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைத் தொடங்கி வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆரம்பத்துப் பாடங்கள் ஒரே ஒரு நிறுவனத்தின் சாஃப்ட்வேரைச் சுற்றியே இருந்தன. அரசுப் பள்ளிப் பாடப்புத்தகம் ஒரு கம்பெனியின் விளம்பரப் புத்தகமாக இருக்கலாமா என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பலன் இருந்தது. சில ஆண்டுகளிலேயே வகுப்பறையும் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வும் லினக்ஸுக்கு மாறின. இன்று அந்தத் திட்டத்தின் வாரிசு 'கைட்' என்ற அரசு நிறுவனம். பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் ஓடுவதால் 3,000 கோடி ரூபாய் லைசென்ஸ் செலவு மிச்சம் என்று 2019-ல் அது கணக்குச் சொன்னது. கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்ற கணக்கு அது. அந்த விலையில் சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாகப் பாதியைத் தள்ளிவிடலாம். அப்போதும் மிச்சம் சின்னத் தொகை அல்ல.

ஆனால் நான் மாறியது பணத்துக்காக அல்ல.

நான் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மூத்த மலையாள எழுத்தாளரின் சுயசரிதையைத் தமிழாக்கினேன். பதிப்பகம் பின்வாங்கியதால் புத்தகம் வரவில்லை. பிரிண்ட் எடுத்து வைத்திருந்த கட்டைக் கரையான் தின்று, முப்பது நாற்பது பக்கங்களை மட்டும் விட்டுவைத்தது. எழுத்தாளரும் காலமாகிவிட்டார். போன வருஷம் அவருடைய மனைவி, "அந்தத் தமிழ்ப் புத்தகம் என்னாச்சு? நான் இருக்கும்போதே வந்துவிடுமா?" என்று கேட்டார். அவருக்கு வயது எண்பத்து மூன்று.

ஃபைல் ஒரு சி.டி.யில் பத்திரமாக இருந்தது. திறந்தால் தமிழ் இல்லை. பிரெஞ்சு எழுத்துகளும் பவுண்டு அடையாளமும் கேள்விக்குறிகளும் வரிசை கட்டி நின்றன. அன்று பயன்படுத்திய தமிழ் சாஃப்ட்வேருக்குக் கம்ப்யூட்டரின் பின்புறம் செருகும் ஒரு பூட்டு உண்டு. பூட்டு செருகியிருந்தால்தான் எழுத்து வரும். அந்த மாதிரி துளை இப்போதைய கம்ப்யூட்டர்களில் கிடையாது. விற்ற கம்பெனியும் இல்லை. எழுதியவள் நான், சி.டி. என்னுடையது, ஆனால் படிக்கும் உரிமை இன்னொருவரிடம் இருந்திருக்கிறது.

பழைய தமிழ் எழுத்துருக்களின் கதை நாற்பதைத் தாண்டிய எந்தப் பத்திரிகைக்காரருக்கும் தெரியும். அன்றைய எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதி இடத்தில் நம்முடைய 247 எழுத்துகளும் அடங்காது. அதனால் கொம்பு, கால், கொக்கி என்று எழுத்தை உடைத்து வைத்தார்கள். 'கொ' என்பது அங்கே ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகள். எந்தத் துண்டை எந்த இடத்தில் வைப்பது என்பது ஒவ்வொரு கம்பெனியின் இஷ்டம். 1999-ல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று பொதுக் குறிமுறைகள் வந்தன. பல கம்பெனிகள் அப்போதும் தங்கள் வழியிலேயே போயின. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகுதான் இந்தக் குழப்பம் மெல்லக் குறைந்தது. அதற்குள் எழுதப்பட்டவை எழுதியவர்களின் அலமாரிகளில் பூட்டிக் கிடக்கின்றன.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. தெரிந்தவர்கள் எல்லாம் அடுத்து என்ன வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் லினக்ஸைப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல், இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க முடிந்தது. தமிழ் 99 விசைப்பலகை கேட்டவுடன் கிடைத்தது. ஏற்றிக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

சி.டி.யை அவளிடம்தான் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது வெறும் லிஸ்டல்லே ஆன்ட்டீ" என்றாள். பழைய குறிமுறைகளை யூனிகோடுக்கு மாற்றும் கட்டற்ற நிரல்கள் இருக்கின்றன. என்னுடைய எழுத்துரு எதிலும் இல்லை. ஆனால் நிரலின் உள்ளே, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. ஒரு பட்டியலைப் படியெடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். கரையான் விட்டுவைத்த பக்கங்களை நான் கையில் வைத்துக்கொண்டு, திரையில் இருக்கும் வரியோடு ஒப்பிட்டு, இது 'ணை', இது 'றோ' என்று சொல்லிக்கொண்டே போனேன். எம்.ஏ.யில் கல்வெட்டு படித்த நாட்கள் ஞாபகம் வந்தன. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். கடைசியில் 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும் அகப்பட்டபோது முன்னூற்றுச் சொச்சம் பக்கங்களும் தமிழாக வந்து நின்றன.

பழைய இயங்குதளத்திலேயே இதைச் செய்திருக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், செய்திருக்கலாம். ஆனால் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியதே, எனக்குத் தோன்றவில்லையே! கம்ப்யூட்டர் என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் சாமான் என்பது என் பழக்கம். அவள் படித்த பாடம் வேறு.

'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதை மலையாளிகள் 'ஸ்வதந்த்ர சாஃப்ட்வேர்' என்று சொல்லிவிட்டார்கள். நம்மிடம் முதலில் 'இலவச மென்பொருள்' என்றுதான் பலரும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் இலவசம் என்றால் நினைவுக்கு வருவது டி.வி.யும் மிக்ஸியும். கொடுப்பவர் ஒருவர், வரிசையில் நிற்பவர் ஒருவர். பிறகு வந்த 'கட்டற்ற' என்ற சொல் இரண்டையும் விட நல்ல சொல் என்பேன். தமிழில் பணத்தையும் கட்டுகிறோம், மாட்டையும் கட்டுகிறோம். முதல் கட்டு போனால் இலவசம். இரண்டாவதும் போனால்தான் விடுதலை.

தமிழ்நாட்டில் முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2006 முதல் 2008 வரை சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகமே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அதுவும் விண்டோஸோடு சேர்ந்து மாணவர்களின் கைக்கு வந்தது. ஆனால் லேப்டாப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது, பாடமும் தேர்வும் அதில் நடக்க வேண்டும். கேரளம் செய்தது அதைத்தான்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். என் பழைய ஸ்கேனர் புதிய ஏற்பாட்டோடு பேச மறுக்கிறது. தமிழ்ப் பிழை திருத்தி புணர்ச்சியைக் கண்டாலே சிவப்புக் கோடு போடுகிறது. பக்கம் வடிவமைப்பவர்கள் சிலர் இன்னும் பழைய எழுத்துருவிலேயே கேட்கிறார்கள். அவர்களுக்காக யூனிகோடைத் திரும்பவும் துண்டு துண்டாக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது.

சுயசரிதை இப்போது மெய்ப்பு நிலையில் இருக்கிறது. பார்வை மங்கிய அந்த அம்மாள் தொட்டுப் பார்க்கவாவது ஒரு பிரதி வேண்டும் என்பதால் அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறேன். மெய்ப்பு எடுத்த எழுத்துரு 'மீரா இனிமை'. தமிழுக்காக அதைச் செய்து கொடுத்தது ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளிகளின் அமைப்பு. பக்கத்து வீட்டுப் பெண் திருத்திய பட்டியலும் தயாராக இருக்கிறது. அதே எழுத்துருவில் மாட்டிக்கொண்டவர்கள் யாராயிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். பணம் கட்ட வேண்டாம், பூட்டும் வேண்டாம்.